‘தாராளமாக எடுத்துப் போங்க’ என்று கடைக்காரர் சொன்னால்

கேள்வி: வேலை காரணமாக இஸ்தான்புல்லில் இருக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில், கைப்பிடி இல்லாத ஆறு சின்னக் காபிக் கிண்ணங்களும் மூடி வைத்த ஒரு கூஜாவும் காட்டினார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று பூவேலை. ‘அரண்மனைச் சரக்கு, இஸ்னிக் வேலைப்பாடு, 300 வருஷப் பழசு’ என்று சொல்லிச் சான்றிதழும் தருகிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன். அசல்தானா? ஊருக்கு எடுத்து வரலாமா? அதில் காபி குடிக்கலாமா?

பதில்: அசலாக இருந்தால் ஊருக்கு எடுத்து வர முடியாது. எடுத்து வர முடிந்தால் அது அசல் இல்லை. உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில்.

துருக்கியில் 1983இல் வந்த 2863ஆம் எண் சட்டப்படி பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். 5 முதல் 12 ஆண்டு வரை சிறைத் தண்டனை. ‘தாராளமாக எடுத்துப் போங்க சார்’ என்று கடைக்காரர் சொல்கிறார் என்றால், அது போன வருஷம் சூளையில் வெந்தது என்று அவருக்குத் தெரியும். இல்லையென்றால், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளப் போவது தான் அல்ல என்று தெரியும்.

அவர் சொன்ன கதையையும் பார்ப்போம். துருக்கியில் இஸ்னிக் என்ற ஊரின் சூளைகள் கொடிகட்டிப் பறந்தது 16ஆம் நூற்றாண்டில். 17ஆம் நூற்றாண்டிலேயே அவை நொடித்துப் போயின. 300 வருஷத்துக்கு முன்பு காபிக் கிண்ணத்துக்குப் பேர் போன ஊர் துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கும் குதாஹ்யா. அங்கே இந்தத் தொழில் பெரும்பாலும் ஆர்மீனியக் குயவர்களின் கையில் இருந்தது. மஞ்சள் நிறம் அவர்களுடைய அடையாளம் மாதிரி. பேர் பெற்ற இஸ்னிக் பாத்திரங்களில் நீலம், பச்சை, கொஞ்சம் புடைத்து நிற்கும் சிவப்பு எல்லாம் உண்டு, மஞ்சளைத் தேடினாலும் கிடைக்காது. மஞ்சள் பூ போட்ட கிண்ணத்தை இஸ்னிக் என்று விற்கிறவருக்கு ஒன்று சரக்கு தெரியவில்லை, இல்லை உங்களைத் தெரிந்துவிட்டது.

அரண்மனைச் சரக்கு என்பதும் கதைதான். சுல்தான்களுக்குச் சீனப் பீங்கான் மீதுதான் மோகம். இஸ்தான்புல்லில் அவர்கள் வாழ்ந்த தோப்காபி அரண்மனையில் அது மட்டும் 10,000 உருப்படிக்கு மேல் இருக்கிறது. குதாஹ்யாக் கிண்ணம், பீங்கான் வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கும் காபிக் கடைகளுக்கும் நூறு நூறாகப் போன பொருள். கிண்ணம் செய்யும் பட்டறைக்காரர்களும் தொழிலாளர்களும் 1766இல் கூலி பேசி முடித்த ஒப்பந்தம் அவ்வூர் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அப்படிப் புழங்கிய மெல்லிய மண் கிண்ணம் ஆறு, ஒரு சில்லுகூடப் பெயராமல், கூஜாவோடு ஜோடி சேர்ந்து ஒரே கடைக்கு வந்து சேர்ந்ததாம்!

சான்றிதழ் பற்றிக் கேட்கவே வேண்டாம். பொன் முத்திரை, ரிப்பன் எல்லாம் இருக்கும், கையெழுத்து மட்டும் அதே கடைக்காரருடையதாக இருக்கும். மாப்பிள்ளை தனக்குத் தானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றுக்கு என்ன மதிப்போ, அதுதான் இதற்கும். மேல்பூச்சில் ஓடும் மயிரிழை விரிசலைக் காட்டிப் ‘பழமை’ என்பார்கள். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் எந்த விரிசலும் பழசாகிவிடும். அடிப்பாகத் தேய்மானத்தை உப்புக்காகிதம் பார்த்துக்கொள்ளும். நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் ஊர்ப்பெயரோ வேறு துருக்கிச் சொல்லோ லத்தீன் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது 1928இல்தான். குறுக்கு வாள் போல ஒரு கிறுக்கல் இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறுக்கு வாள் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையின் முத்திரை. அந்த ஆலை துருக்கிச் சந்தைக்கென்றே கிண்ணம் செய்து அனுப்பியது, குதாஹ்யாக்காரர்கள் அந்த முத்திரையைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். இன்றைய போலிக்காரர்கள் அந்தக் காப்பியைக் காப்பியடிக்கிறார்கள்.

எடுத்து வர முடியாது என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளிலேயே ஐரோப்பாவுக்குப் போய், அங்கே கைமாறிக் கைமாறி ஏலத்துக்கு வரும் கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றை லண்டனிலோ பாரிஸிலோ வாங்கினால் துருக்கிச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் யாரிடமிருந்து யாரிடம், எந்த ஆண்டு போனது என்ற காகிதச் சங்கிலி முழுசாக இருக்க வேண்டும். ‘ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடமிருந்து’ என்பது சங்கிலி ஆகாது. பழைய ஏலப் பட்டியல், ரசீது, புகைப்படம், இவற்றில் ஒன்றாவது கையில் வேண்டும். பட்டியலில் ‘குதாஹ்யா’ என்று போட்டிருக்கிறதா, ‘குதாஹ்யா பாணி’ என்று போட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பின்னதாக இருந்தால் ஏலக்காரர் பொறுப்பிலிருந்து கழன்றுகொண்டார் என்று அர்த்தம். இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தயங்கினால் உங்கள் கடைக்காரர் அடுத்துச் சொல்லப்போவது, ‘இது பாரிஸிலிருந்து திரும்பி வந்த பொருள்’ என்பதுதான். சரி என்று சொல்லி, துருக்கிக்குள் வந்தபோது சுங்கத்தில் பதிந்த காகிதத்தைக் கேளுங்கள். அவருக்கு உடனே வேறு வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

புதுப் பொருளாக இருந்தாலும் பழசு போலத் தோன்றினால் சுங்கத்தில் நிறுத்தலாம். பழம்பொருள் அல்ல என்று அருங்காட்சியகத்தில் எழுதி வாங்கி வரச் சொல்வார்கள். 300 வருஷம் என்று பொய் அச்சடித்தவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார், அது பொய்தான் என்று நிரூபிக்க நீங்கள் படியேற வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு யார் மூளை கொடுத்தார்களோ!

காபி குடிக்கலாமா என்றால், கூடாது. அந்தக் காலத்து மேல்பூச்சில் ஈயம் உண்டு. பழசு போலச் செய்யப்பட்ட புதுசிலும் என்ன பூசியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

முன்பணத்தை மீட்க ஒரு வழி சொல்கிறேன். ‘18ஆம் நூற்றாண்டுப் பொருள், ஏற்றுமதிக்குத் தடையில்லை’ என்று ரசீதில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார். அப்போது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முழுசாக வராது, வந்த வரைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் இருக்கும் பேரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காபிக்காகச் செய்த குதாஹ்யாப் பாத்திரங்களை அங்கே தனியாகவே வைத்திருக்கிறார்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், இப்போது வேலை செய்யும் குயவர் தன் பெயர் எழுதிக் கொடுக்கும் புதுக் கிண்ணம் வாங்குங்கள், ஈயமில்லாத பூச்சா என்று கேட்டு, ரசீதோடு.