நைட் டூட்டி, 14 நோயாளிகள், ஒரே சிஸ்டர்: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 120 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 17,000 ரூபாய். மாதத்தில் பாதி நாள் நைட், இரவு 8 முதல் காலை 8 வரை. 14 நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். சில மாதங்களாக டூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது. பெல் அடித்தாலே எரிச்சல். மருந்தை மாற்றிப் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாம் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் நிர்வாகத்திடம் இருக்கிறது. வீட்டில் "நர்ஸ் வேலைன்னா சேவை, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்களிடம் என்ன குறை என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 12 மணி நேரம் என்றால் 720 நிமிடம். இரண்டு முனையிலும் ஹேண்ட்ஓவருக்கு (நோயாளிகளின் விவரம் சொல்லி டூட்டியை ஒப்படைப்பது) அரை அரை மணி நேரம் போனால் மிச்சம் 660. இரவு 10, 2, காலை 6 என்று மூன்று முறை வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு பார்ப்பது). எழுதுவதையும் சேர்த்து ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 210 போயிற்று. ஒன்பது பேருக்கு இரண்டு வேளை ஐ.வி. ஆன்டிபயாட்டிக், கலக்கி, ஃப்ளஷ் செய்து, கையெழுத்துப் போட 6 நிமிடம் வீதம் 108. விடியற்காலை ரத்த சாம்பிள் பத்துப் பேருக்கு 50. இரண்டு புது அட்மிஷன் வந்தால் 100. எஞ்சியது 192 நிமிடம். ஆளுக்கு 14 நிமிடம்கூட இல்லை. வீங்கிப்போன ஐ.வி. லைனை மாற்றுவது, பெட்பேன், நோயாளியின் உறவினர் கேட்கும் கேள்வி, டூட்டி டாக்டருக்கு போன், பார்மசி இன்டெண்ட், நர்சஸ் நோட்ஸ், உங்கள் சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரே ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்தால் மொத்தமும் சரிந்துவிடும்.

பொது வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தால் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். விடுப்பில் போவோருக்காக 30 சதவீதம் கூடுதல் ஆளும் வேண்டும். நீங்கள் கிட்டத்தட்ட மூன்று பேர் வேலையைச் செய்கிறீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழு 2002இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி 15 சதவீதமும், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுகின்றன. வீட்டில் "சேவை" என்று சொன்னால் இந்தக் கடைசி எண்ணைச் சொல்லுங்கள். ஆள் குறைவை ஒருத்தியின் உடம்பைக் கொண்டு அடைப்பதற்கு சேவை என்று பெயர் வைப்பது நோயாளிக்கும் நல்லதல்ல.

உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையால் உண்டாகும் நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சல் தட்டுவது, தன் திறமை மீதே நம்பிக்கை குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் கேள்வியில் மூன்றுமே இருக்கின்றன. பெல் அடித்தால் எரிச்சல் வருவதால் நீங்கள் கெட்ட நர்ஸ் ஆகிவிடவில்லை.

ஆனால் எல்லாக் களைப்பையும் வார்டின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். இந்த வாரமே ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), வைட்டமின் பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதக்கணக்கில் டீயையும் பிஸ்கட்டையும் வைத்து நைட் ஓட்டுபவர்களுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அடுத்து மனம். ஆஃப் நாளில் நன்றாகத் தூங்கி, தோழியோடு பேசி, சாப்பாடு ருசித்து, மறுநாள் டூட்டி என்றதும் மனம் கனத்தால் அது பெரும்பாலும் பணிச்சோர்வு. ஆஃப் நாளிலும் எதிலும் நாட்டமில்லை, பசியில்லை, தூக்கமில்லை, இரண்டு வாரமாக இப்படியே என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தாலும் காத்திருக்காதீர்கள். டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தூக்கத்துக்காக வார்டு ஸ்டாக்கிலிருந்து அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழகிவிடும், அப்புறம் விடுவது கஷ்டம்.

மருந்து பற்றிய பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அது சரியான எச்சரிக்கை. 12.5 மணி நேரத்தைத் தாண்டும் ஷிஃப்டில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2004இல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. காலை ஹேண்ட்ஓவர் எட்டரை வரை இழுத்தால் நீங்களும் அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள். உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் விடியற்காலை 3 முதல் 6 வரை. வார்டில் சாம்பிள், ஆன்டிபயாட்டிக், இன்சுலின், இன்டேக்-அவுட்புட் கூட்டல் எல்லாம் வந்து குவிவதும் அந்த நேரத்தில்தான்.

அப்போது இரண்டு மருந்துகளில் தனிக் கவனம் வையுங்கள். ஒன்று இன்சுலின். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் உள்ளதும் புழக்கத்தில் இருக்கின்றன. 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் போய்விடும். வயலைக் கையில் எடுத்ததும் அதன் எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகே சிரிஞ்சைத் தொடுங்கள். இன்னொன்று பொட்டாசியம் குளோரைடு. இதை நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். 10 மில்லி ஆம்பூல் பார்வைக்கு டிஸ்டில்ட் வாட்டர் போலவே இருக்கும். இரண்டையும் ஒரே டிரேயில் வைக்காதீர்கள். மருந்து ட்ராலியிலிருந்தே எடுத்துவிட்டு, தனி டப்பாவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் மூன்றுக்கும் பக்கத்து வார்டு சிஸ்டரையோ டூட்டி டாக்டரையோ கூப்பிட்டு இன்னொரு கண் பார்த்த பிறகே போடுங்கள். இரண்டு நிமிடம் தாமதம் ஆனால் ஆகட்டும். மருந்து ரவுண்டின்போது வார்டு போனை அட்டெண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். நைட் முடிந்ததும் வெயில் கண்ணில் பட்டால் மூளை பகல் என்று விழித்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். கண் செருகினால் ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். டூட்டி ரூமில் 20 நிமிடம் கண் அயர்ந்துவிட்டுப் போங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். காலை 9:30க்குள் படுத்து நான்கைந்து மணி நேரம், மாலை 5 மணி வாக்கில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் என்று தூக்கத்தை இரண்டாகப் பிரித்தால் உடம்பு தாங்கும். ஜன்னலுக்குத் தடித்த போர்வை போதும். இரவுச் சாப்பாட்டை 12 மணிக்கு முன் முடியுங்கள். காபி, டீ அதிகாலை 3க்குப் பிறகு வேண்டாம். கடைசி நைட் முடிந்த அன்று பகலில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு இரவில் சீக்கிரம் படுத்தால், ஆஃப் நாள் முழுக்கத் தூங்கித் தீராது.

இதெல்லாம் உங்களைத் தாக்குப்பிடிக்க வைக்கும். நிலைமை மாற வேண்டுமானால் நிர்வாகத்திடம் பேச வேண்டும், பேசுவதற்குக் கையில் எண் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு டூட்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நோயாளிகள் எத்தனை, அதில் படுத்த படுக்கையாக எத்தனை, புது அட்மிஷன், அரை மணிக்கு மேல் தாமதமான மருந்துகள், முதல்முறை உட்கார்ந்து சாப்பிட்ட நேரம், சிறுநீர் கழித்த நேரம், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள். நோயாளியின் பெயரோ ஐ.பி. எண்ணோ (உள்நோயாளி எண்) எழுதக் கூடாது. அது ரகசியத்தை மீறுவது, உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

இரண்டு வாரம் கழித்து நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் நேரம் கேட்டுத் தனியாகப் பாருங்கள். ரவுண்ட்ஸ் நடுவிலும் இன்சார்ஜ் முன்னாலும் வேண்டாம். "முடியல மேடம்" என்று ஆரம்பித்தால் "எல்லாருக்கும் அப்படித்தான் சிஸ்டர்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "மேடம், பத்து நைட்ல 31 மருந்து அரை மணிக்கு மேல லேட் ஆகியிருக்கு, அதில் 22 காலை 5லேருந்து 7க்குள்ள" என்று உங்கள் நோட்டில் உள்ளதை அப்படியே சொன்னால் அவர் அதை மேலே எடுத்துப் போக முடியும். பெரும்பாலான சூப்பரின்டெண்டென்டுகளுக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் இல்லை, ரோஸ்டரை மாற்றும் அதிகாரம் உண்டு. அவர் கையில் இருப்பதைக் கேளுங்கள்: காலை டூட்டி சிஸ்டர் ஒருவர் 5:30க்கே வருவது, தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு டூட்டிக்கு இடையே குறைந்தது 11 மணி நேரம், அதிகாலை 3க்குப் பின் வரும் அட்மிஷனை ஐ.சி.யு. பக்க சிஸ்டர் எடுத்துக்கொள்வது. பேசிய அன்றே அதைச் சுருக்கி, நோயாளி பாதுகாப்பு என்ற தலைப்பிலேயே மெயில் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால், நீங்கள் முன்பே எச்சரித்ததற்கு அதுதான் சாட்சி.

சம்பளத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 100 முதல் 200 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் செவிலியர் சம்பளம் அரசுச் செவிலியர் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றது. 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட 20,000க்குக் குறையக் கூடாது என்றது. இது பரிந்துரை மட்டுமே, சட்டமல்ல. ஆனாலும் 17,000 என்பது மிகச் சிறிய மருத்துவமனைக்குச் சொன்ன அளவையே எட்டவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

சம்பளம் 21,000க்குள் என்பதால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்க வேண்டும். பே ஸ்லிப்பைப் பாருங்கள். இருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று சான்று தரும் நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ராஜினாமா செய்துவிட்டு வீட்டில் கிடப்பதைவிட, இந்த விடுப்பில் உடம்பைத் தேற்றிக்கொண்டு முடிவெடுப்பது எவ்வளவோ மேல்.

சர்டிபிகேட் விஷயத்தில் பயப்படாதீர்கள். ஒரிஜினல் உங்கள் சொத்து. அடகுப் பொருள் போல வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. முதலில் "சரிபார்ப்புக்குத் தேவைப்படுகிறது" என்று எழுதிக் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு எழுத்து இருந்திருந்தால் அதன் நகலையும் தேடி எடுங்கள். மறுத்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. இத்தனை காலம் வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அதில் எழுதிய முழுத் தொகையும் தானாகவே கடனாகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். வழக்கறிஞரிடம் காட்டாமல் பணம் கட்டாதீர்கள்.

விடுவதா, இருப்பதா? பேசிய பிறகு ஆறு வாரம் கொடுங்கள். ரோஸ்டரில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் விடலாம், அதில் தவறே இல்லை. ஆனால் தொழிலை விடுவதும் வார்டை விடுவதும் வேறு வேறு. டயாலிசிஸ், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரச்சான்று) குவாலிட்டி பிரிவு, நர்சிங் கல்லூரியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஆகிய இடங்களில் நைட் குறைவு, உங்கள் மூன்று ஆண்டு வார்டு அனுபவத்துக்கு மதிப்பும் உண்டு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளைக் கவனியுங்கள்; தொகுப்பூதியத்தில் தொடங்கும் பணியா, காலமுறை ஊதியமா என்பதை அறிவிப்பிலேயே படித்துவிடுங்கள். வெளிநாடு என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக விசாரியுங்கள், ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம். பிரிட்டனிலும் 12 மணி நேர ஷிஃப்டும் நைட்டும் உண்டு. அதனால் ஓ.இ.டி. (வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு) புத்தகத்தைத் திறப்பதற்கு முன் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இந்தக் களைப்போடு படித்தால் மண்டையில் ஏறாது.

ராஜினாமா கொடுப்பதானால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சொன்ன நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள், நடுவில் நின்றுவிடாதீர்கள். ரிலீவிங் லெட்டரையும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டையும் கையில் வாங்காமல் வெளியே வர வேண்டாம். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, வார்டின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி என்ற சொல் ஐந்தும் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் பின்னால் அதைத் திருத்தி வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.