கைரேகை எப்படிப் போனது என்பதல்ல கேள்வி

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. டொரன்டோவில் உள்ள மகளின் பிரசவத்துக்குச் செல்வதற்காக, ஏஜென்ட் மூலம் கனடா விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். 2017-இல் பிரிட்டன் எனக்கு விசா மறுத்ததை மறைத்துவிட்டேன் என்று கனடாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதில் தர இன்னும் 11 நாட்களே உள்ளன. பிரிட்டனுக்கு நான் கொடுத்த கைரேகையை என்னைக் கேட்காமல் இன்னொரு நாட்டுடன் ஒப்பிட்டது அந்தரங்க உரிமை மீறல் இல்லையா? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் கைரேகையைப் பற்றியது. சட்டத்துக்கு வேண்டியதோ கடைசிப் பக்கத்தில், ஏஜென்டுக்குக் கட்டிய 65,000 ரூபாயைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தாம்: “அது பழைய பாஸ்போர்ட்டில் நடந்தது, புது பாஸ்போர்ட்டில் தெரியாது, ‘இல்லை’ என்றே போட்டுவிடுகிறேன் என்றார். நானும் சரி என்றேன்.” எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததுண்டா என்ற கேள்விக்கு, உண்மை தெரிந்தே ‘இல்லை’ என்ற பதில் போயிருக்கிறது. உங்கள் வழக்கு அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

உங்கள் கவலை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் விசா கேட்பவர்களின் கைரேகைகளைத் தமக்குள் ஒப்பிட்டுக்கொள்கின்றன. பெயரோ பாஸ்போர்ட் எண்ணோ இல்லாமல் கைரேகை மட்டும் போகும். பொருந்தினால்தான் பழைய விண்ணப்பமும் மறுப்பும் திரும்பி வரும். அதனால்தான் புது பாஸ்போர்ட் உங்களைக் காப்பாற்றவில்லை. விசாவைச் சரிபார்க்கத் தொடங்கிய ஏற்பாடு அந்த அளவில் நிற்கவும் இல்லை. 2019-இல் கனடா தன் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பகிர்வு ஒப்பந்தம் உள்ள வேறொரு நாட்டில் முன்பே அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் கனடாவின் அகதிகள் வாரியத்தின் முன் கோரிக்கை வைக்கவே முடியாதபடி செய்தது. லண்டனிலோ சிட்னியிலோ கோரிக்கை வைத்துத் தோற்ற ஈழத்தமிழருக்கு, அன்று கொடுத்த விரல் அடையாளமே இன்று கதவை மூடுகிறது. இது வாதாடத் தக்க விஷயம்தான். ஆனால் வாதாடும் இடம் உங்கள் பதில் கடிதம் அல்ல. பகிர்வுக்குக் கனடாவின் சட்டத்திலும் விதிகளிலும் இடம் இருக்கிறது. தகவல் வெளிநாட்டு அரசுகளுடன் பகிரப்படலாம் என்ற அறிவிப்பு நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு கனடா விசா அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ரிட் மனுவை மறந்துவிடுங்கள். பொருந்தியது வேறொருவரின் கைரேகை என்றால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். உங்களுடையதுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இனி, உங்கள் முன்னால் இருக்கும் ஆபத்து. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, முக்கியமான ஒரு விவரத்தை மறைப்பது அதிகாரியைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடியதாக இருந்தாலே போதும். உண்மையில் இட்டுச்சென்றிருக்க வேண்டியதில்லை. ஆகவே “வங்கி இருப்பு போதாது என்றுதானே பிரிட்டன் மறுத்தது, அதைச் சொல்லியிருந்தாலும் கனடா விசா கிடைத்திருக்குமே” என்ற உங்கள் வாதம் எடுபடாது. முடிவு பாதகமானால் ஐந்து ஆண்டுகள் நீங்கள் கனடாவுக்குள் நுழையத் தகுதியற்றவர் ஆவீர்கள். அந்தக் காலத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்க முடியாது என்பதால், மகள் பின்னாளில் உங்களை ஸ்பான்சர் செய்யும் வழியும் அதுவரை அடைபடும். இழக்கப்போவது ஒரு பிரசவப் பயணத்தை மட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தக் கடிதம் வந்தவர்கள் அதன் பிறகு செய்வதுதான் பல நேரங்களில் முதல் தவறைவிடக் கெடுதலாக முடிகிறது. என்னிடம் காலம் கடந்து வந்த ஒருவர், தனியுரிமையைப் பற்றி ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வரி கூடப் பதில் இல்லை. இன்னொருவர் “வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன்” என்று எழுதினார். அவருக்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை விசா மறுக்கப்பட்டிருந்தது. இரண்டையுமா மறந்தார் என்று அதிகாரி கோப்பில் குறித்துவைத்தார். தெரியாமல் நேர்ந்த பிழைக்குக் கனடிய நீதிமன்றங்கள் மிகக் குறுகலான ஒரு விதிவிலக்கைக் கொடுக்கின்றன என்பது உண்மை. “நானும் சரி என்றேன்” என்று எழுதிய உங்களுக்கு அது கிடையாது. மறந்ததாகச் சொன்னால் அது இரண்டாவது பொய்.

பழியை ஏஜென்ட் மீது போடலாம் என்று உங்கள் மருமகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். படிவத்தை யார் நிரப்பினாலும் உண்மை சொல்ல வேண்டிய கடமை விண்ணப்பதாரருடையது. அதோடு, கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யக் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இன்னும் சிலருக்கும் மட்டுமே அனுமதி உண்டு. உங்கள் ஏஜென்ட் தன் பெயரையே விண்ணப்பத்தில் காட்டவில்லை என்கிறீர்கள். அவர்மீது பழி போடும் அதே கடிதத்தில், பணம் கொடுத்து வைத்த பிரதிநிதியையும் மறைத்தீர்கள் என்பது வெளியாகும். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சாக்காக அல்ல, நடந்ததைச் சொல்லும்போது அதன் பகுதியாக.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு ஏஜென்ட் மூலம் புதிதாகப் போடலாம் என்பது அடுத்த யோசனை. கடிதம் வந்த பிறகு திரும்பப் பெறுவதால் பழைய விவகாரம் முடிந்துவிடும் என்று யாராலும் உறுதி தர முடியாது, கைரேகையும் மாறப்போவதில்லை. அங்கே ஆகாவிட்டால் அமெரிக்கா என்றும் போகாதீர்கள். இதே பொய்யை அங்கே சொல்லிப் பிடிபட்டால் தடைக்குக் காலவரையே இல்லை. பிரிட்டனில் பத்து ஆண்டுகள்.

ஆகவே உண்மையை ஒப்புக்கொண்டு, ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டின் மறுப்புக் கடிதத்தை இணையுங்கள். முடிந்தால் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரின் பார்வைக்கு அனுப்பிவிட்டுச் சமர்ப்பியுங்கள். 11 நாட்கள் போதாதென்றால் கெடு முடியும் முன்பே எழுத்துமூலம் அவகாசம் கேளுங்கள். ஒப்புதலால் ஐந்தாண்டுத் தடை நீங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்; விசா மறுப்போடு நிறுத்திக்கொள்ள அதிகாரிக்கு ஏதேனும் காரணம் கிடைக்குமானால் அது உங்கள் நேர்மையிலிருந்துதான் கிடைக்கும். முடிவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே வென்றாலும் விசா கிடைக்காது, கோப்பு இன்னொரு அதிகாரிக்குப் போகும், அவ்வளவுதான். இந்த உண்மைகளோடு அந்தச் செலவைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்துக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, குழந்தையோடு மகள் இங்கே வருவதற்கான ஏற்பாட்டைப் பாருங்கள்.

ஏஜென்ட் 40,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொல்கிறாரே, வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால், அந்தப் பதிலுக்கு நீங்களும் சம்மதித்தீர்களா என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் ரசீது என்று அவர் நீட்டும் முத்திரைத்தாளை வரி வரியாகப் படியுங்கள். “விண்ணப்ப விவரங்கள் அனைத்தையும் நானே சரிபார்த்து அளித்தேன்” என்ற வாசகம் அதில் இருந்தால் பணத்தை வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.