மூலிகைக் கதையை அச்சிடும் முன்
பழங்குடி மூதாட்டி ஒருவர் சம்மதித்துச் சொன்ன மூலிகைக் கதையை வெளியிட வேண்டாம் என்று அவருடைய சமூகப் பெரியவர்கள் இப்போது தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சை நிறுத்திவையுங்கள். அந்த அறிவு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 2007இல் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவும், மரபறிவைக் காக்கவும் கட்டுப்படுத்தவும் அம்மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது.

பெரியவர்களை நேரில் பார்த்து, எந்த வரி உறுத்துகிறது என்று கேளுங்கள். செடியின் பெயரும் வளரும் இடமுமாக இருக்கலாம். வெளியே தெரிந்தால் வேரோடு பிடுங்கிப்போக ஆள் வரும் என்ற அச்சம் நியாயமானது. அவற்றை நீக்கினாலும், எப்போது பறிப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற பகுதி உயிரோடு நிற்கும், என் பார்வையில் கதையின் சாரமே அதுதான். திருத்தியதை அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் கதையை விட்டுவிடுங்கள்.