வந்த பேச்சு போயிடுச்சுன்னா பொறுத்துப் பாக்காதீங்க

கேள்வி: பொண்ணுக்கு ஒன்றே முக்கால் வயசு டாக்டர். ஒரு வயசுல அம்மா, தாத்தா, காக்கான்னு சொன்னா, பிஸ்கட்ட தானே பிடிச்சு சாப்பிட்டா. நாலு மாசமா ஒரு வார்த்தை இல்ல, குடுத்தா கையில வாங்க மாட்டேங்கிறா, எந்நேரமும் ரெண்டு கையையும் பிசைஞ்சுக்கிட்டே இருக்கா. மாமியார் கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்திப் போடுறாங்க. இங்க காட்டின டாக்டர் சில புள்ளைங்களுக்கு பேச்சு லேட்டாதான் வரும்னுட்டார்.

பதில்: அம்மா, பேச்சு லேட்டா வர்றது வேற, வந்த பேச்சு போறது வேற. போயிடுச்சுன்னா ஒரு வாரம்கூட தள்ளிப் போடாம குழந்தைகள் நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டணும். நீங்க எழுதினதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது அந்த கைதான். பிஸ்கட் பிடிச்ச கை அத மறந்துட்டு பிசையிறதுலயே இருக்குன்னா ரெட் சிண்ட்ரோம்ங்கிற மூளை வளர்ச்சிக் கோளாறான்னு பாத்தே ஆகணும், பத்தாயிரம் பொண் குழந்தைல ஒண்ணுக்கு வரும், ஆறு மாசத்துலேந்து ஒன்றரை வயசுக்குள்ள நல்லா இருந்த புள்ளைக்கு கத்துக்கிட்டது ஒவ்வொண்ணா போகும், தலை வளர்ச்சியும் மெதுவாகும். 1954ல வியன்னாவுல ஆண்ட்ரியாஸ் ரெட்ங்கிற டாக்டர் தன் வெயிட்டிங் ரூம்ல ரெண்டு அம்மாங்க மடியில ரெண்டு பொண்ணுங்க ஒரே மாதிரி கை கழுவுற மாதிரி பிசையிறத பாத்தார், இந்த நோய அடையாளம் கண்டது அங்கதான் ஆரம்பிச்சது. காரணமான எம்.இ.சி.பி.2 ஜீன் 1999லதான் தெரிஞ்சது.

ஆனா நான் பாக்காம இதுதான்னு சொல்ல மாட்டேன். மொதல்ல ரத்தத்துல வைட்டமின் பி12 பாக்கச் சொல்லுங்க, அம்மாவுக்கு பி12 கம்மியா இருந்து தாய்ப்பால்லயே ரொம்ப நாள் இருக்கிற புள்ளைங்களுக்கும் வந்தது போகும், அது ஊசி போட்டா தேறுற விஷயம், தவற விட்டுடவே கூடாது. அப்புறம் காது டெஸ்ட், தூங்கும்போது மூளையோட மின் அலைய பாக்கிற இ.இ.ஜி, தேவைன்னா எம்.ஆர்.ஐ, ஜீன் டெஸ்ட். போகும்போது ஒரு வயசுல பேசின வீடியோ, இப்ப கை பிசையிற வீடியோ ரெண்டையும் போன்ல எடுத்துட்டுப் போங்க, நீங்க வாயால சொல்றதவிட அந்த ரெண்டு நிமிஷம் நிறைய சொல்லும். தலை சுத்தளவு எழுதின தடுப்பூசி கார்டு இருந்தா அதையும்.

ரெட்டாவே இருந்தாலும் இது உங்களால வந்ததில்லம்மா, கண்ணு பட்டதாலயும் இல்ல, தடுப்பூசியாலயும் இல்ல. பெரும்பாலும் கரு உருவாகும்போதே ஜீன்ல புதுசா வர்ற மாற்றம், பரம்பரையா வர்றது ரொம்ப அபூர்வம். முழுசா குணமாக்குற மருந்து இன்னும் இல்ல, 2023ல அமெரிக்காவுல ட்ரோஃபினடைட்னு ஒண்ணுக்கு அனுமதி குடுத்திருக்காங்க, ஓரளவு உதவும், வயித்துப்போக்கு அதிகம், விலையும் ரொம்ப. அதுக்காக சும்மா இருக்க வேண்டாம். வலிப்பு, முதுகு வளையிறது, மூச்ச பிடிச்சு நிறுத்துறது, எடை ஏறாதது இதெல்லாம் கவனிச்சுக்கலாம், வருஷா வருஷம் இ.சி.ஜி வேணும், பிசியோதெரபியும் சாப்பாடு ஊட்டுற பயிற்சியும் இப்பவே ஆரம்பிக்கலாம்.

இன்னைக்கு வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஒரு கையில பால் டம்ளர், இன்னொரு கையில பொம்மை, ரெண்டையும் அவ கண்ணுக்கு நேரா தள்ளித் தள்ளிப் பிடிச்சு எது வேணும்னு கேட்டுட்டு பேசாம இருங்க, பத்து எண்ணுற வரைக்கும் இருங்க, இந்தப் புள்ளைங்களுக்கு பதில் வர நேரமாகும். எத உத்துப் பாக்கிறாளோ அத குடுங்க.