பொலிகுதிரை வேண்டாம், பணத்தைப் பெண் குதிரையில் போடுங்கள்

கேள்வி: பந்தயத்துக்கான தரோபிரெட் இனக் குதிரைகளைச் சின்ன அளவில் உருவாக்க ஆசை. கொஞ்சம் நிலமும் லாயமும் இருக்கின்றன. கையில் இருக்கும் பணத்தில் ஒரு பொலிகுதிரையையும் (சினைப்படுத்துவதற்கான ஆண் குதிரை) ஒரு பெண் குதிரையையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: பொலிகுதிரைக்கு எதுவும் ஒதுக்காதீர்கள். உங்கள் பணத்துக்குள் அடங்கும் பொலிகுதிரை என்றால், மற்றவர்கள் தங்கள் குதிரைகளை அதனிடம் அனுப்பாததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். நல்ல பொலிகுதிரையோடு ஒரு பருவத்துக்குச் சேர்க்க மட்டும் கட்டணம் கட்டினால் போதும். ஒரே பருவத்தில் நூறு பெண் குதிரைகளுக்கு மேல் சேரும் பொலிகுதிரைகள் உண்டு. அதனால்தான் நாம் விலைக்கு வாங்க நினைத்தும் பார்க்க முடியாத குதிரையின் ரத்தம், கட்டணம் என்று வரும்போது எட்டும் தூரத்துக்கு வருகிறது. பெண் குதிரையில் அந்த வசதி கிடையாது. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். வருடத்துக்கு ஒரு குட்டிதான்.

சொந்தமாக வாங்கிவிட்டால், முதல் இரண்டு குட்டிகள் சரியில்லை என்றாலும் அதே குதிரையைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கட்டணம் கட்டுகிறவர் அடுத்த வருடம் வேறு குதிரையிடம் போய்விடலாம். அப்புறம், ஆண் குதிரை சினைப்படுத்துமா என்பதே முன்கூட்டித் தெரியாது. சிகார் என்ற அமெரிக்கக் குதிரை தொடர்ந்து 16 பந்தயங்களை வென்றது. 1995, 1996 இரண்டு வருடமும் அந்த நாட்டின் சிறந்த குதிரை என்ற விருது அதற்குத்தான். பொலிக்கு விட்டபோது ஒரு பெண் குதிரைகூட சினை பிடிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட குதிரைக்கே அந்த நிலை.

குட்டிக்குப் பாதி குணம் தாயிடமிருந்து வருகிறது. அதற்கு மேல் கருப்பையும் பாலும் முதல் ஆறு மாத வளர்ப்பும் தாயுடையவைதான். அர்பன் சீ என்ற பெண் குதிரையைப் பாருங்கள். 1993ல் பிரான்ஸின் ஆர்க் பந்தயத்தை வென்றது. அதன் குட்டிகளில் கலீலியோவும் சீ தி ஸ்டார்ஸும் வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்தவை. இரண்டுமே இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்றன, ஒன்று 2001ல், மற்றது 2009ல்.

செலவுக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. தரோபிரெட்டில் மாட்டுக்குப் போடுவதுபோல ஊசி போட்டுச் சினைப்படுத்த முடியாது. அப்படிப் பிறந்த குட்டியை வம்சப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். நேரடிச் சேர்க்கை மட்டும்தான் செல்லும். அதனால் உங்கள் குதிரையை வண்டியில் ஏற்றிப் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கு அனுப்ப வேண்டும். முதல் முறை சினை பிடிக்காவிட்டால் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் சினை பிடிக்கும் நேரம் மறுபடி வரும். அதுவரை அங்கேயே வைத்திருக்க நேரலாம். கட்டணத்தோடு இந்தப் போக்குவரத்தையும் தங்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நடுத்தரப் பொலிகுதிரை சில சமயம் தூரத்துப் பெரிய பெயரைவிட லாபமாக முடியும்.

கேள்வி: ஏலத்துக்கு வரும் ஒரு பெண் குதிரையைப் பார்த்து வைத்திருக்கிறேன். 14 வயது. வம்சாவளி பிரமாதம். இரண்டு வருடமாகக் குட்டி இல்லை என்பதால் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மருத்துவப் பரிசோதனை முடியாமல் வேண்டாம். இதே கணக்கில் நானும் ஒரு முறை வாங்கினேன். "பொலிகுதிரைதான் சரியில்லை, குதிரை நல்ல குதிரை" என்றார் விற்றவர். நம்பினேன். மூன்று பருவம் போயிற்று, தீனியும் லாடமும் மருந்தும் கட்டணமும் போயின, குட்டி வரவில்லை. பிறகுதான் கருப்பைச் சதையில் துளி எடுத்துப் பரிசோதித்தோம். உள்ளே தழும்பு இறுகிப்போயிருந்தது. வாங்கும் முன்பே ஒரு நாளில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அந்தப் பரிசோதனையைத்தான் முதலில் கேளுங்கள். முடிவை நான்கு படிகளாகச் சொல்வார்கள். முதல் படியில் இருக்கும் குதிரை குட்டி ஈனும் வாய்ப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ. கடைசிப் படியில் 10 சதவீதத்துக்கும் கீழே. கடைசிப் படி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். கிருமி இருக்கிறதா என்று கருப்பைக்குள்ளிருந்து மாதிரி எடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் வருவதற்கு முன்பே நீங்களாகப் பார்க்கக்கூடியதும் உண்டு. பழகிய ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கவாட்டில் நின்று வாலை ஒதுக்கிப் பாருங்கள். பிறப்புறுப்பின் உதடுகள் செங்குத்தாக, இறுக்கமாகச் சேர்ந்திருக்க வேண்டும். வயதான, மெலிந்த குதிரைகளில் ஆசனவாய் உள்ளே அமுங்கி, கீழே உள்ள உறுப்பு மேசைபோலச் சாய்ந்துவிடும். சாணி நேராக அதன் மேல் விழும், காற்றும் உள்ளே போகும், பிறகு சீழ்தான். மேல் பகுதியைத் தையல் போட்டு மூடும் வழக்கம் இருக்கிறது. தையல் இருப்பதாலேயே குதிரையை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் பிரித்துத் தைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வயதையும் யோசியுங்கள். 15ஐ நெருங்கும்போதே சினை பிடிப்பது குறைய ஆரம்பிக்கும். உங்களுக்கு நான் சொல்வது, இதைவிடக் கொஞ்சம் எளிமையான வம்சாவளியும் 10 வயதுக்குள்ளும் வருடம் தவறாமல் ஈன்ற வரலாறும் உள்ள குதிரை. பிறந்த குட்டிகள் பந்தயத்தில் ஓடினவா என்று பாருங்கள். ஓடும் வயது வந்த குட்டிகள் நான்கு இருந்து ஒன்றுமே களம் இறங்கவில்லை என்றால், உடைந்துபோகும் கால்களை அந்தத் தாய் கொடுக்கிறது என்று சந்தேகப்பட இடம் உண்டு.

கேள்வி: ஏலப் பட்டியலில் அதே குதிரையின் பக்கத்தில் "சாம்பியனின் உறவு" என்று போட்டிருந்தது. இதற்கு எவ்வளவு மதிப்பு?

பதில்: எந்த வழி உறவு என்று பாருங்கள். தரோபிரெட் உலகில் ஒரே தாய்க்குப் பிறந்தவற்றைத்தான் உடன்பிறப்பு என்று எண்ணுவார்கள். தகப்பன் ஒன்று என்பது உறவே ஆகாது. அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். பட்டியலில் தடித்த எழுத்தில் வரும் பெயர்கள் பெரிய பந்தயங்களில் வென்ற அல்லது இடம்பிடித்த குதிரைகள். அந்த எழுத்து தாயிடமும் பாட்டியிடமும் இருந்தால் பணம் கொடுக்கலாம். மூன்றாம் நான்காம் தலைமுறையில் மட்டும் இருந்தால், அது பழைய பெருமை.

கேள்வி: சரி, கட்டணம் கட்டத் தயார். எந்தப் பொலிகுதிரை என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: முதலில் உங்கள் குதிரையின் குறையை எழுதி வையுங்கள். எதிரே நடந்து வரச் செய்து பாருங்கள். முன்னங்கால் குளம்புகள் வெளியே திரும்புகின்றனவா? பக்கவாட்டில் நின்றால் முழங்கால் பின்னே வளைந்திருக்கிறதா? பின்னே வளைந்த முழங்கால்தான் வேகத்தில் அதிகம் அடிவாங்கும். அதே குறை உள்ள பொலிகுதிரையிடம், எவ்வளவு புகழ் இருந்தாலும், போகாதீர்கள்.

அடுத்து, இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, பொலிகுதிரையின் குட்டிகள் சராசரியாகச் சம்பாதித்தது, மொத்தப் பந்தயக் குதிரைகளின் சராசரியோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்பது. 1.00 என்றால் நடுத்தரம். இன்னொன்று, அதனிடம் வந்த பெண் குதிரைகள் மற்ற பொலிகுதிரைகளுக்குப் பெற்ற குட்டிகளின் அதே கணக்கு. முதல் எண் 1.60, இரண்டாவது 1.90 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நல்ல குதிரைபோலத் தெரியும். உண்மையில் நல்ல தாய்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் எண் 1.20, இரண்டாவது 0.95 என்றால், சாதாரணத் தாய்களை அது உயர்த்துகிறது. குறைந்த பணம் உள்ளவர் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகையை. வயதான, வாடிக்கை குறைந்த, ஆனால் இந்தக் கணக்கு நன்றாக இருக்கும் குதிரைகள் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கின்றன.

குட்டியை விற்கப் போகிறீர்களா, நீங்களே ஓட்டப் போகிறீர்களா என்பதும் முக்கியம். முதல் வருடம் பொலிக்கு வரும் குதிரைக்குச் சந்தையில் மோகம் அதிகம், இன்னும் எதுவும் தோற்கவில்லையே! விற்பவருக்கு அது சாதகம். ஓட்டுபவருக்கு, குட்டிகள் ஓடிக் காட்டிய குதிரைதான் நல்லது.

பந்தயப் புகழை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். 1973ல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற செக்ரட்டேரியட்டுக்கு, தன்னைப்போல ஒரு மகன் அமையவில்லை. மகள்கள் வழியாகத்தான் ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட் என்ற புகழ்பெற்ற பேரன்கள் வந்தன. அப்படிப்பட்ட பொலிகுதிரையின் மகள் மலிவாகக் கண்ணில் பட்டால், தாய்க்குதிரையாக வாங்க யோசியுங்கள்.

கேள்வி: வேகத்துக்கான மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: குறுந்தூரமா நெடுந்தூரமா எது பொருந்தும் என்று ஓரளவு சொல்லும். குதிரை நல்லதா என்று சொல்லாது. கருப்பைப் பரிசோதனைக்குப் பிறகு பணம் மிச்சம் இருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்த பிறகே கட்டணம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே கட்டச் சொன்னால், அது நடக்காதபோது பணத்தைத் திருப்பித் தருகிறார்களா, அடுத்த வருடம் இலவசமாகச் சேர்க்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். சேர்த்து 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். இரட்டைக் கரு தெரிந்தால் அந்த நாட்களிலேயே ஒன்றை நீக்கிவிட வேண்டும்; குதிரை இரட்டைக் குட்டிகளை நல்லபடியாக ஈனுவது மிக அபூர்வம், விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும்.