வெள்ளாமை இல்லாத காட்டுக்கு எதற்குக் காவல்?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்களுக்கு அந்தியூர் பக்கம், மலையடிவாரத்தில் தோட்டம். மாமனார் போன வருடம் தை மாதம் காலமானார். அவரிடம் லைசென்ஸோடு ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. தேர்தல் வந்தால் அதைத் துண்டில் சுற்றி, டிவிஎஸ் 50 வண்டியில் வைத்துக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதெல்லாம் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது. கொழுந்தனாருக்கு டெக்ஸாஸில் வேலை. வருடத் திதிக்கு வந்தவர், “அப்பா போன பிறகு இதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஸ்டேஷனில் கொடுத்துவிடு” என்றார். என் வீட்டுக்காரர், “இது அப்பன் சொத்து, மூத்தவன் நான் வைத்திருப்பேன். உங்க அமெரிக்காவில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறான், நீ எனக்குச் சொல்கிறாயா?” என்று எகிறினார். நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. துப்பாக்கியைக் கொடுத்தால் குடும்ப மானமே போய்விடும் என்கிறார் மாமியார். தறி நாலையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டதிலிருந்து இவர் யாரிடமும் கலகலப்பாக இல்லை. போர் வற்றிவிட்டதால் இந்த வருடம் வெள்ளாமையும் வைக்கவில்லை. ராத்திரியானால் பன்றிக் காவலுக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுகிறார், விடிந்துதான் வருகிறார். அண்ணன் தம்பியில் யார் சொல்வது சரி? இவர்களை எப்படிச் சேர்த்து வைப்பது?

— பெயர் வெளியிட வேண்டாம், அந்தியூர்

பதில்: அம்மிணி, அண்ணன் தம்பி சண்டை என்று வாரத்துக்கு நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, அம்மாவின் அட்டிகை, இப்படி. துப்பாக்கிக்குச் சண்டை என்பது இதுதான் முதல் தடவை. ஆனால் உன் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது சண்டைக்காக இல்லை. கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்காக.

போர் வற்றிவிட்டது, வெள்ளாமை வைக்கவில்லை என்கிறாய். அடுத்த வரியிலேயே ராத்திரி பன்றிக் காவலுக்குப் போகிறார் என்கிறாய். இரண்டையும் எழுதிய அதே கை, உறையை ஒட்டித் தபாலிலும் போட்டுவிட்டது. கடலைக்காய் போட்டிருந்தால் பன்றி வரும். மரவள்ளி போட்டிருந்தால் குட்டிகளோடு கூட்டமாக வரும். புழுதி பறக்கிற காட்டில் அது எதைத் தோண்டும்? கோரைக்கிழங்கையா? கோரைக்கிழங்குக்கு எவரும் துப்பாக்கியோடு விடிய விடியக் காவல் உட்கார்ந்ததில்லை.

பன்றியே வந்தாலும் சுட அவருக்கு அனுமதி கிடையாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற பன்றியை மட்டும் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அரசு உத்தரவு போட்டது. உங்கள் தோட்டமோ மலையடிவாரம். இதெல்லாம் அந்த ஊரில் பண்ணையம் பார்க்கிறவருக்குத் தெரியாதா?

அப்படியென்றால் அந்த மனுஷன் ராத்திரி ராத்திரி துப்பாக்கியும் கையுமாகத் தனியாக எதற்குப் போகிறார்? இது உனக்குத் தோன்றவே இல்லையா? இல்லை, தோன்றிப் பயந்துபோய், அதை மூடி வைக்கத்தான் அண்ணன் தம்பி என்றும் குடும்ப மானம் என்றும் இத்தனை எழுதினாயா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஃபோன் நம்பர் எழுதியிருந்தால் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருப்பேன்.

எங்கள் பெரியப்பாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. ஆசாரத்துச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டியிருக்கும். தோட்டா மட்டும் பெரியம்மா பொறுப்பு. பச்சைத் தகர டப்பாவில் போட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். ஒரு வருடம் மஞ்சள் விலை அடியோடு விழுந்தது. விற்ற பணம் வட்டிக்குக்கூடக் காணவில்லை. பெரியப்பா கத்தவில்லை, குடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எருமையை யாரிடம் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். பெரியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். “சரிங்க” என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அன்று ராத்திரி அந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டார். விடியுமுன்பே எங்கள் அப்பாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். பெரியப்பா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. அப்புறம் முப்பது வருடம் பேசினார்.

நீ கிணற்றில் போடாதே, லைசென்ஸ் துப்பாக்கியின் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. ஆனால் பெரியம்மாவுக்கு எது உறைத்தது என்று பார். உன் வீட்டுக்காரர் சமீபத்தில் பத்திரத்தைப் பற்றியோ எல்ஐசி பற்றியோ நீ கேட்காமலே ஏதாவது சொன்னாரா? பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரா? வளர்த்த நாயை யாருக்காவது கொடுத்தாரா? நீ எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி உன் கொழுந்தனார் சொல்வதுதான் சரி. லைசென்ஸ் ஆளுக்குத்தானே தவிர வீட்டுக்கு அல்ல. மாமனார் கண்ணை மூடியதுமே துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமென்றால் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை ஜெயில். ஒன்றரை வருடம் ஆகப் போகிறது, வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்தே நடக்கிறது.

அமெரிக்காவை இழுத்தாரே, அதில் உன் வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791லேயே அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட தேசம் அது. டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். அதே டெக்ஸாஸில் யுவால்டி என்ற சின்ன ஊரில் 2022 மே 24 அன்று பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். அந்த மாநிலத்தில் குடும்பம் நடத்துகிறவர் துப்பாக்கியைக் கண்டு ஒதுங்குவதில் என்ன அதிசயம்? அங்கே வருடக் கணக்காக இதே வழக்குத்தான் நடக்கிறது. உரிமை என்று ஒரு கட்சி, கட்டுப்பாடு என்று ஒரு கட்சி.

இரண்டு பேரும் வாய்கிழியப் பேசிய அந்த ராத்திரியில் ஒரு கணக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. 2021ஆம் வருடம் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். திருடன் சுட்டதும் இல்லை, ரௌடி சுட்டதும் இல்லை. பாதுகாப்புக்கு என்று வாங்கி அலமாரியில் வைத்த சாமான், ஒரு கெட்ட ராத்திரியில் வீட்டு ஆள் கைக்கே எட்டிவிடுகிறது. எனக்கு அந்த வழக்கில் எந்தக் கட்சி என்று கேட்டால், இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டாத இடத்தில் வை என்கிற கட்சி.

“சாகணும்னு நினைக்கிறவனுக்கு வழியா இல்லை?” என்று உன் மாமியார் கேட்பார். ஊரே கேட்கும். அது தப்பு. அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்குகிறது, ஏறியிருக்கிற நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதுதான் விஷயம். பக்கத்து இலங்கையைப் பார். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995க்குப் பிறகு இருபது வருடத்தில் அங்கே தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. மருந்து எட்டாமல் போனவர்கள் எல்லோரும் வேறு வழி தேடிப் போய்விடவில்லை, பிழைத்துக்கொண்டார்கள். அதனால் மோட்டார் ரூமில் மீதி கிடக்கிற மருந்து டப்பாக்களையும் இன்றைக்கே அப்புறப்படுத்து.

மாமியார் மானத்தைப் பற்றிப் பேசுகிறாரே, அவரிடம் ஒன்று கேள். மாமனார் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தாரே, அப்போதெல்லாம் மானம் போயிற்றா? துண்டில் சுற்றிக் கொண்டுபோனவருக்கு அதைக் கொடுக்கத் தெரிந்திருந்தது. பிள்ளைக்குத்தான் தெரியவில்லை.

கொழுந்தனாருக்கும் இருக்கிறது. திதிக்கு வந்தவர் துப்பாக்கியைப் பார்த்தார், சட்டம் சொன்னார். தறிக்கொட்டகை காலியாகக் கிடந்ததைப் பார்த்தாரா? நாலு தறி பழைய இரும்பாகப் போயிருக்கிறது, ஏன் அண்ணா என்று கேட்டாரா? அப்பனுடைய கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டினார்கள்? நீ அதை எழுதவில்லை, ஆனால் ஊரில் இருக்கிற மூத்தவன் தலையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், இருபது வருடமாக இந்தக் கடிதங்களைப் படிக்கிறேன். காட்டை வரப்புப் போட்டுச் சரிபாதி பிரிக்கத் தெரிகிறது. கடன் மட்டும் பாகத்துக்கு வராதா? கூடப்பிறந்தவன் என்றால் அதற்கும்தான் கூட. “அப்பன் சொத்து, நான் வைத்திருப்பேன்” என்று உன் வீட்டுக்காரர் கத்தினாரே, அப்பன் விட்டுப்போனதில் அவர் கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதானோ என்னவோ. இதை வைத்துக்கொண்டுதான் நாலு மாதமாக ரோஷம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இதைப் படித்து முடித்ததும் உன் அண்ணனையோ, வீட்டுக்காரர் மதிக்கிற பெரியவர் ஒருவரையோ வரச்சொல். தனியாக மல்லுக்கு நிற்காதே. ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டார், ஒப்படைக்க வேண்டும், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல். லைசென்ஸ் புத்தகமும் இறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்ல வக்கீல் இருக்கிறார்.

இன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாக விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், “செத்துப்போகலாம்னு தோணுதுங்களா?” என்று கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது ஆகுமோ என்று பயப்படாதே, அப்படி ஆகாது. பாரம் இறங்கத்தான் செய்யும். ஆமாம் என்றால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதே, தத்துவமும் பேசாதே, சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிரு. 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசு மனநல உதவி எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். விடிந்ததும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போ. யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

டெக்ஸாஸுக்கு நீயே ஃபோன் செய். அங்கே ராத்திரியாக இருந்தாலும் எழுப்பு. துப்பாக்கி விஷயத்தைப் பேசாதே, அது முடிந்த கதை. “அண்ணன் வெள்ளாமை இல்லாத காட்டுக்குக் காவல் போகிறார்” என்று மட்டும் சொல். அந்த மண்ணில் பிறந்தவருக்கு அது புரியும். புரிந்தும் டிக்கெட் போடவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுது, அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் கொடுக்கிற ரசீதை மறக்காமல் வாங்கி வை. அந்தத் தகரப்பெட்டியிலேயே, மாமனார் வாங்கிய ரசீதுகளுக்கு மேலே வை.