உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு மார்பகப் புற்றுநோய் மருந்தா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. போன வருடம் காதுக்குக் கீழே இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'சாலிவரி டக்ட் கார்சினோமா' என்று இருந்தது. ரேடியேஷனும் முடிந்தது. இப்போது நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. டாக்டர் ஹெர்2 டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். பாசிட்டிவ் என்றால் மார்பகப் புற்றுநோய் மருந்தாம், இல்லாவிட்டால் புரோஸ்டேட் ஊசியாம். இது சரியா?

பதில்: சரிதான். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயில் 20க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அப்பாவுக்கு வந்திருப்பது வேகமாகப் பரவும் வகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மார்பகத்தின் பால்குழாய்ப் புற்றுநோய் போலவே இருக்கும். உறவு தோற்றத்தோடு நிற்பதில்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஹெர்2 புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது. புரோஸ்டேட் ஊசி வருவது அதனால்தான்.

புதிதாக பயாப்ஸி தேவைப்படாமலும் போகலாம். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பேதாலஜி பிரிவில், எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்த 'பாரஃபின் பிளாக்' வைத்திருப்பார்கள்; எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஐஎச்சி (திசுவில் சாயமேற்றிப் புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஹெர்2 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்2 மரபணுவின் எண்ணிக்கையைப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஆண்ட்ரோஜன் ரிசப்டரையும் (மேலே சொன்ன ஆண் ஹார்மோன் ஏற்பி) அதே பிளாக்கில் பார்த்துவிடலாம்.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தோடு டோசிடாக்செல் கீமோ சேர்த்துக் கொடுப்பார்கள். ஜப்பானில் 57 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது சுமார் 70 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இவ்வளவு அரிதான நோயில் இது பெரிய விஷயம். ஆனால் சுருங்குவது வேறு, குணமாவது வேறு. இதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிராஸ்டுசுமாப் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம் என்பதால் ஆரம்பிக்கும் முன்பு எக்கோ, பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. செலவு பயமுறுத்தினால், இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் (அதே மருந்துக்கு இணையான மாற்று) பற்றிக் கேளுங்கள். விலை குறைவு.

ஹெர்2 இல்லாமல் ஹார்மோன் ஏற்பி மட்டும் இருந்தால் லூப்ரோலைடு என்ற புரோஸ்டேட் ஊசியும் பைகாலுடமைடு மாத்திரையும். ஜப்பானில் 36 பேரிடம் நடந்த சோதனையில் பத்தில் நான்கு பேருக்குப் பலன் தெரிந்தது. கீமோவைவிடத் தாங்கிக்கொள்வது எளிது. வேகமாக வளரும் கட்டிக்கு இது மட்டும் போதுமா என்பதை மட்டும் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

அப்புறம், "எங்கள் சொந்தக்காரருக்கு லாரோட்ரெக்டினிப் மாத்திரையிலேயே கரைந்தது" என்று யாராவது சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கட்டியில் என்டிஆர்கே என்ற மரபணு வேறொரு மரபணுவோடு இணைந்திருப்பவர்களுக்கான மருந்து. அந்த இணைவு பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் இன்னொரு வகையான செக்ரிட்டரி கார்சினோமாவில்தான் காணப்படும். அப்பாவின் வகையில் அது மிக அரிது. ஹெர்2, ஹார்மோன் ஏற்பி இரண்டுமே நெகட்டிவ் என்றால் அதே பிளாக்கில் என்ஜிஎஸ் டெஸ்ட் (பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்ப்பது) செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதன் செலவை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.